லோடு ஏறினால் விழாத கியர்

அறுபதுகளின் நடுவில், செஞ்சி கடைத்தெருவில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினேன். அவரிடம் இருந்தது ஒரே லாரி. எனக்கு முன்னால் அதைப் பல வருஷம் ஓட்டியவர் சிங்கவரத்துக்காரர். அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இடது காலில் வலுவில்லை, கிளட்சை முழுசாக மிதிக்க முடியவில்லை, அதனால்தான் கியர் விழமாட்டேன் என்கிறது என்று அவரே சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

முதல் சில நாள் காலி வண்டியாக வல்லம் பக்கம் போய்வந்தேன். கியர் வெண்ணெய்போல விழுந்தது. அந்த மனிதருக்கு நிஜமாகவே கால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மூட்டை ஏற்றித் திண்டிவனம் புறப்பட்ட அன்று, ஒரு மேட்டில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றப்போனேன். பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். கியர் உள்ளே போகவில்லை. வண்டி நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

எப்படியோ ஊர்ந்து போய் மூட்டையை இறக்கியபின், திண்டிவனத்தில் மெக்கானிக் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். பல்லெல்லாம் சுத்தமாக இருந்தது. ஆயிலை மாற்றி, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அடுத்த லோடுக்கு மறுபடி அதே கதை.

முதலாளியிடம் சொன்னேன். கல்லாவில் உட்கார்ந்தபடி என் காலைப் பார்த்தார்.

"இன்னாப்பா, உனுக்கும் கால் வலிக்குதா?"

"காலு நல்லாத்தான் இருக்குது மொதலாளி. லோடு ஏத்தினா மட்டும் கியர் வுழ மாட்டேங்குது."

"அவனும் அப்படித்தான் சொன்னான். லோடு வண்டின்னா கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்னுட்டேன்."

லாரி மண்டி வாசலில் மூட்டையோடு நின்றிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரை அசைத்துப் பார்த்தேன். எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுந்தன. எஞ்சினைப் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்துப் பார்த்தேன். பல்லைக் கடித்ததே தவிர ஒன்றும் லேசில் விழவில்லை. கியர் பெட்டியில் கோளாறு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மிதித்தால் எஞ்சினிடமிருந்து கியரைப் பிரித்துவிட வேண்டிய கிளட்ச், பிரிக்காமல் பாதியில் நிற்கிறது. லோடு இருந்தால் மட்டும் ஏன் அப்படி என்பதுதான் புரியவில்லை.

எஞ்சினை நிறுத்தினேன். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு, "செத்த ஏறி உக்காந்து கிளட்ச மெதிங்க மொதலாளி" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் வண்டிக்கு அடியில் புகுந்தேன். பெடலிலிருந்து வரும் கம்பியைத் தாங்கிக்கொண்டு ஒரு தகடு, அடிச்சட்டமான சேஸில் வெல்டிங் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மண்ணும் கிரீசும் அப்பிக் கிடந்தன. துணியால் துடைத்தேன்.

"மெதிங்க."

தகடு வளைந்தது. பற்றவைத்த இடத்தில் ஒரு விரிசல் வாய் திறந்தது. கம்பி பாதிதான் நகர்ந்தது. மிதித்த மிதியில் மீதி, தகட்டை வளைப்பதிலேயே போய்விட்டது.

ஆட்களை விட்டு மூட்டைகளை இறக்கச் சொன்னேன். இப்போதுதானே ஏற்றினோம் என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். பாரம் குறைந்து சேஸ் நிமிர்ந்ததும் விரிசல் இறுகி மூடிக்கொண்டது. மறுபடி மிதிக்கச் சொன்னேன். கம்பி முழுசாக நகர்ந்தது. பட்டறைக்குப் போகிறபோதெல்லாம் வண்டி காலியாகவே இருந்ததால் யார் கண்ணிலும் அது படவில்லை.

தகட்டைப் புதிதாகப் பற்றவைத்தோம். அதன்பிறகு எந்த லோடுக்கும் கியர் முரண்டு பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சிங்கவரம் போனேன். பழைய டிரைவர் தன் வீட்டு வாசலில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் எண்ணெய் மினுமினுத்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்ப எங்காலு நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"எனுக்கும் அப்படித்தான் வுழல அண்ணா. இத்தினிக்கும் எனுக்கு வயசு கம்மி."

"வலிச்சுதேப்பா. பொய்யா சொல்றேன்?"

"அந்தப் பெடல அந்தமாதிரி மெதிச்சா யாருக்கும் வலிக்கும்."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். "காலுக்காக மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டுதல்லாம் வச்சிட்டமே" என்றாள் அவர் மனைவி.

மறுநாள் அவரே மண்டிக்கு வந்துவிட்டார். லோடு வண்டியைத் திண்டிவனம்வரை ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மேட்டில் இரண்டாவது கியருக்கு மாற்றினார். விழுந்தது. திரும்பி வரும்போதும் அவரே ஓட்டினார். இறங்கி நடந்தபோது ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தார். மாசக்கணக்கில் பழகிய சாய்வு ஒரு நாளில் போகவில்லை.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அவன் திரும்பி வரேங்கிறான். எங்கிட்ட இருக்கறது ஒரு வண்டிதானேப்பா."

இப்படி ஆகும் என்று சைக்கிளை எடுக்கும்போதே தெரியும். தெரிந்தும் போனதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. ஒரு மனிதன் நல்ல காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். வீட்டில் சொன்னபோது, "ரெண்டு மாசம் கழிச்சு சொல்லிருக்கலாம்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

முதலாளி தமக்குத் தெரிந்த பஸ் கம்பெனிக்காரரிடம் சொல்லி எனக்கு டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தார். அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் ஓட்டும்போது கண்டக்டர் நகர இடமிருக்காது. டாப்பிலும் ஆள் இருக்கும். மூட்டைகள் பேசாது, இவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். பழகக் கொஞ்சநாள் பிடித்தது.