படகை நிமிர்த்திச் சட்டம் போட்டது

படத்துக்குச் சட்டம் போடும் தொழிலில் கண்ணாடி கிழித்த கை ஆறிவிடும். வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் ஆறாது. பொய் சொல்லி வியாபாரம் பண்ணிய சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வலையில்லாத படகு

எண்பதுகளில் பாம்பனில் கடை வைத்திருந்தேன். பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது ஒரு கட்டுப் படம் கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முன் சீமையில் அச்சடித்தவை. எல்லாமே பந்தயத்தில் ஓடுகிற பாய்ப்படகுகள். ஒரு பக்கம் தண்ணீரை நக்குகிற மாதிரிச் சாய்ந்து பறக்கும். நம்மூரில் காலண்டர் வாங்குகிற மாதிரி வெள்ளைக்காரன் வாங்கி மாட்டுவானாம். மீன்பிடி வள்ளக்காரன் அந்தோணி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வலையைக் காணோம், தூண்டிலைக் காணோம். மீன் பிடிக்காம இத்தனை பேரு எதுக்குண்ணே கடலுக்குப் போறான்?"

ராணியின் மச்சான்

விற்கணுமே! படத்தின் கீழிருந்த இங்கிலீசில் ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது. "புயல்ல மத்த படகெல்லாம் திரும்பிருச்சு. இது ஒண்ணுதான் பாயை இறக்காம ஓடி ஜெயிச்சுச்சு. ஓட்டுனவரு சீமை ராணியோட மச்சான். இந்தப் படம் இருக்கிற வீட்டுக்காரனைக் கடல் தொடாது" என்று அளந்தேன். அந்தோணி வாங்கிப் போனான்.

மறுவாரம் காற்று முறுக்கியது. எல்லா வள்ளமும் கரையில் கிடக்க, அவன் மட்டும் பாய் விரித்தான். தடுத்தவர்களிடம் சொன்னானாம்:

"எங்க வீட்டுல ராணி மச்சான் இருக்காருலே, எனக்கென்ன?"

செலின் வந்தாள்

இரண்டு நாளாகியும் ஆள் திரும்பவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்டிய கண்ணாடியெல்லாம் உடைந்தது. மூன்றாம் நாள் காலை அவன் பெண்டாட்டி செலின் படத்தோடு வந்தாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படத்திலே படகு சாய்ந்திருப்பதால்தான் கடலில் அவர் வள்ளமும் சாய்கிறது என்றாள். நான் சொன்னது பொய் தாயி என்றேன்; காதில் வாங்கவில்லை.

"கோணலா மாட்டி நிமித்திப் பாத்தேண்ணே, காத்து வந்து திரும்பவும் சாய்ச்சுப்புடுது. நீங்க படகை நிமித்திச் சட்டம் அடிங்க. அவரு வார வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

நிமிர்ந்தது

பெரிய சட்டமாக எடுத்து, உள்ளே படத்தைச் சாய்த்து வைத்தேன். பாய்மரம் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. ஒவ்வோர் ஆணி அடிக்கும்போதும் தெருவைப் பார்த்தேன். உச்சிவேளையில் ரயிலிலிருந்து இறங்கி, உப்புப் பூத்த சட்டையோடு அந்தோணி நடந்து வந்தான். செலின் அந்தச் சட்டையைப் பிடித்தாள், விடவில்லை. எனக்கு உயிர் வந்தது, கூடவே வாயும் வந்தது. "பாத்தியா, படகு காப்பாத்திருச்சு!" என்றேன்.

"படகா காப்பாத்துச்சு? பாயை இறக்கி வாலிநோக்கம் கரையில ஒதுங்குனேன், பொழைச்சேன். அது கெடக்கட்டும், கடலை ஏண்ணே இப்படிச் சாய்ச்சு வச்சிருக்கீக?"

அன்றோடு நான் கதையளப்பதை விட்டுவிட்டேன். மிச்சமிருந்த படகுகளையெல்லாம் வள்ளக்காரப் பெண்கள் வரிசையில் நின்று நிமிர்த்தி வாங்கிப் போனார்கள் என்பதை மட்டும் நீங்கள் நம்பினால் போதும்.