ஆணியில் தொங்கும் புலிப் பாதம்

கடைசிக் குடிலின் படியில் தொடங்கி, நீளக் காம்புத் துடைப்பத்தை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வருகிறார் அச்சண்ணன். குனிந்த தலை நிமிர்வதில்லை. வழியில் இருக்கிற தண்ணீர்க் குழாய், விளக்குக் கம்பம், சாப்பாட்டுக் கூடத்தின் படி எல்லாம் அவர் முதுகுக்கு அத்துப்படி. அவர் கடந்துபோன மணல் பாதையில் ஒரு செருப்புத் தடம்கூட மிஞ்சாது, அவருடையதும் சேர்த்துத்தான். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு காலை உள்ளே வைத்து, மறுகாலின் தடத்தையும் துடைத்துவிட்டுத் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்துவார். "இவரு கல்யாணத்துக்கும் பின்னாடி நடந்துதான் வந்திருப்பாரு" என்று ஜீப்காரர் கிண்டல் செய்வார். "வந்திருந்தா ஓடித் தப்பிச்சிருப்பேனே" என்பார் அச்சண்ணன், மனைவி காதில் விழும்படியாக.

புலிக்காட்டின் ஓரத்தில் இருக்கிற விடுதி அது. வேலி கிடையாது. வேலி இல்லை என்பதற்காகவே வெகுதூரத்திலிருந்து ஆட்கள் வந்து தங்குகிறார்கள். கொசுவலை கட்டிய அகலக் கட்டில், காட்டைப் பார்த்தபடி ஒரு சின்ன வராந்தா, இரண்டு பிரம்பு நாற்காலிகள், குளியலறையில் மட்கும் மரத்தின் வாசனை, இவ்வளவுதான் ஒரு குடில். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும், விடிந்து ஜீப் வந்து நிற்கும்வரை கீழே இறங்கக் கூடாது என்பது விதி. விருந்தினர்கள் உள்ளே போன பிறகுதான் அச்சண்ணன் துடைப்பத்தை எடுப்பார். பாதை சுத்தமாக இருந்தால் பார்க்க அழகு என்பது மேனேஜரின் கணக்கு. காலையில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அச்சண்ணனின் கணக்கு.

ஆள் ஒடிசல். தலை எப்போதும் தாழ்ந்தே இருப்பதால் விருந்தினர்கள் அவரைப் பணிவானவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேனேஜர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் அந்தப் பணிவைப் பாராட்டியும் பேசிவிட்டார். பணிவாவது ஒன்றாவது! மனிதர் தரையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். டவுனுக்குப் போனாலும் அதே கதை. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ வழுவழுவென்று தரை போட்டிருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "இங்க யாரு வந்தா, யாரு போனான்னே தெரியல. எப்படித்தான் உட்கார்றாங்களோ" என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்.

சஃபாரி முடிந்து திரும்பும் ஜீப்பைத் தூரத்தில் கேட்டே அவருக்குச் செய்தி தெரிந்துவிடும். புலியைப் பார்த்தவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டு வருவார்கள். பார்க்காதவர்கள் பறவைகளைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைக் கண்டால் அவருக்கு மனசு கேட்காது. பொடிசு ஒன்று ஒருநாள் ஜீப்பிலிருந்து இறங்கமாட்டேன் என்று அழுதது. அன்று ராத்திரி அவர் விறகுக் கட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு செதுக்க உட்கார்ந்தார். உள்ளங்கைக்கு ஒரு பெரிய மேடு, விரலுக்கு நான்கு சின்ன மேடுகள், பிடித்துக்கொள்ள மேலே ஒரு குமிழ். விடியுமுன் மணலை லேசாக நனைத்து, குழந்தை இருந்த குடிலின் படிவரை அதைப் பதித்துவிட்டு வந்தார். காலையில் அந்தக் குடும்பம் போட்ட கூச்சல் காடு முழுக்கக் கேட்டது. அப்பா மண்டியிட்டுப் படம் எடுத்தார். அம்மா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார், சந்தோஷமாக நடுங்கினார்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷத்தின் ருசி அவருக்குப் பிடித்துப்போயிற்று. முன்காலுக்கும் பின்காலுக்கும் எவ்வளவு இடைவெளி, எங்கே அழுத்தம் கூடும், எங்கே குறையும் என்றெல்லாம் நிஜத் தடங்களைப் பார்த்துப் பார்த்துத் தேறினார். வெறும் கையோடு ஊர் திரும்ப இருந்தவர்கள் எல்லோரும் வாசல்வரை புலி வந்த கதையோடு திரும்பினார்கள். மேனேஜருக்குத் தெரியும், தெரியாதவர் மாதிரி நடந்துகொண்டார். வேலையாட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். "என்னண்ணே, நம்ம புலிக்கு இன்னிக்குக் கால்வலியா? பாதியிலயே நின்னுடுச்சே!" என்று சமையல்காரர் கேட்பார். அச்சு வைத்ததால் அச்சண்ணன். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்.

அவர் மனைவி விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். எல்லோருக்கும் சலவையக்கா. காலையில் குடில் குடிலாகப் போய்ப் பழைய விரிப்புகளைச் சேகரித்து வருவதுதான் அவருடைய முதல் வேலை. கணவருடைய கூத்தில் அக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான். "என் வீட்டுக்காரர் போனா புலியே வழி விடும், தொழில் மரியாதை" என்று சொல்லிச் சிரிப்பார்.

போன மழைக்காலத்தின் கடைசியில் அச்சண்ணனுக்குக் கடும் காய்ச்சல். மனைவிக்கும் ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று சாமான் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அடித்துப் போட்டாற்போல் தூக்கம். விடிந்ததே தெரியவில்லை. சலவையக்கா வழக்கம்போல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பாதையில் தடங்கள் வரிசையாகப் போயிருந்தன. 'காய்ச்சலோட எந்திரிச்சு வந்திருக்கார் பாரு, இந்த மனுஷனுக்கு யார் சொல்றது' என்று அக்காவுக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. வேலை முடிந்ததும் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தடங்களின் மேலேயே நடந்து கடைசிக் குடிலுக்குப் போனார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குட்டிகளோடு தாய்ப்புலி இருந்தது.

ஒரே அடி. விரிப்புகள் நிறைந்த கூடை நடுவில் விழுந்ததும், ஜீப்காரர் ஹாரனை விடாமல் அடித்ததும் உயிரைக் காப்பாற்றின. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "காய்ச்சலோட ஏங்க வெளிய வந்தீங்க?"

"நான் வரலம்மா" என்றார் அச்சண்ணன்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, அழவுமில்லை. அந்தப் பார்வையை அவரால் இன்றுவரை முழுங்க முடியவில்லை. நான்கு பேர் கூடி அடித்திருந்தால்கூடத் தேவலாம்போல் இருந்தது அவருக்கு.

இடது கை தோளுக்கு மேலே ஏறாமல் போயிற்று. துணி பிழிய வராது. இப்போது அச்சண்ணன்தான் பிழிந்து கொடுக்கிறார். வீட்டுக்கு வந்த அன்றே அந்த மரக்கட்டையைச் சலவைக்கூடத்து அடுப்பில் போடப் போனார். அக்கா தடுத்துவிட்டார். "எரிச்சுட்டா என்ன? வேற ஒண்ணு செதுக்க உங்களுக்கு எம்மாநேரம் ஆகும்? இது என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்." வாசல் நிலையின் உட்பக்கம், தன் வலது கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னார். குமிழில் கயிறு கட்டி அதில் மாட்டினார்கள்.

மற்றபடி அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. சாப்பிட அழைப்பதில், சண்டை போடுவதில், அவர் குறட்டையைக் கேலி செய்வதில் அக்கா பழைய அக்காதான். ஆனால் தினமும் காலையில், வெளியே காலெடுத்து வைக்குமுன், வலது கையை நீட்டி ஆணியில் தொங்கும் கட்டையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். ஈரம் இருக்கிறதா, மணல் ஒட்டியிருக்கிறதா என்று. காய்ந்திருந்தால், வெளியே தெரிகிற தடம் எதுவானாலும் நிஜம்; தடமே இல்லையென்றால்தான் கூடையோடு இறங்குவார். அந்த நேரத்தில் அச்சண்ணன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டையை நம்புகிறாள், என்னை நம்பவில்லை என்று அவருக்குத் தெரியும். நியாயம்தான் என்றும் தெரியும். தெரிந்து என்ன, தினமும் வலிக்கத்தானே செய்கிறது!

இந்த வாரம் கடைசிக் குடிலில் ஒரு பெரியவர் வந்து தங்கியிருக்கிறார். மகள் கையைப் பிடித்து அழைத்துவருகிறாள். ஏற்கனவே இரண்டு தடவை வந்து, புலியைப் பார்க்காமலே திரும்பியவர். கண்பார்வை வேகமாக மங்கிக்கொண்டு வருகிறது. மண் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் போன அச்சண்ணனிடம், "அடுத்த தடவை வந்தா நான் காட்டை மோந்துதான் பார்க்கணும் தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அச்சண்ணனை என்னவோ செய்துவிட்டது.

மேனேஜர் அவரைத் தனியாக அழைத்தார். "நாளைக்கு விடிஞ்சதும் கிளம்புறாங்க, அண்ணே. பெரியவரைப் பார்த்தா பாவமா இல்ல? ஒரே ஒரு தடவை. சும்மா நாலு தடம் போதும்."

"பாவமாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அச்சண்ணன் தரையைப் பார்த்தார். "வீட்ல கேக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அக்கா தலையணை உறைகளை ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம் பெரியவர்" என்றார். பிறகு உறை ஒன்றின் மூலையை முழங்காலில் வைத்து நீவியபடி, "செய்யணும்னு தோணுச்சுன்னா செய்யுங்க. என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க, அது போதும்" என்றார்.

ஆணியில் கட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கையெட்டும் தூரம்தான்.

"செய்ய மாட்டேன்" என்றார் அச்சண்ணன். அக்கா அடுத்த உறையை எடுத்துக்கொண்டார். அச்சண்ணன் போய் மேனேஜரிடம் முடியாது என்று சொன்னார். மேனேஜரின் முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலையும் பின்பக்கமாக நடந்துவந்து மணலைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கிழக்கு வெளுக்கும்போது கதவைத் திறந்து கீழே இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மணலில் தடம். மூங்கில் புதர்ப் பக்கமிருந்து இறங்கி, பாதையின் நடுவே நிதானமாக நடந்து, அவர் வாசலைத் தாண்டி, சலவைக்கூடத்தின் பக்கம் திரும்பியிருந்தது. ஓரங்களில் மணல் இன்னும் ஈரம் காயாமல் சரிந்துகொண்டிருந்தது.

ஆபத்தென்றால் அடிக்க வேண்டிய மணி அவர் வாசல் தூணில்தான் இருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஜன்னல்கள் திறந்தன. சாப்பாட்டுக் கூடத்து மாடியிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். பாதையைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். "பிரமாதம்ணே! மணி வேறயா! பெரியவரைக் கூட்டிட்டு வரச் சொல்லவா?"

"யாரும் இறங்காதீங்க! நிஜம் சார், நிஜம்!"

"அப்படித்தான், அப்படித்தான்" என்று மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அச்சண்ணன் கயிற்றை விடவில்லை. உள்ளங்கை எரிய எரிய இழுத்தார். மணி ஓயாமல் அடிப்பதைக் கேட்கக் கேட்க மேனேஜரின் கட்டைவிரல் மெல்ல இறங்கியது. சிரிப்பும் போயிற்று. உள்ளே திரும்பி, கதவுகளைச் சாத்தச் சொல்லிக் கத்தினார். சலவைக்கூடத்துக்குப் பின்னாலிருந்து குரங்குகள் எச்சரித்துக் கூவத் தொடங்கின. கடைசிக் குடிலின் வராந்தாவில் பெரியவர் மகளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு மணலை உற்றுப் பார்த்தபடி நின்றிருந்தார். மகள் அவரை மெதுவாக உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அச்சண்ணன் திரும்பினார். பின்னால் வாசல் நிலையில் மனைவி நின்றிருந்தார். இடுப்பில் கூடை. பார்வை மணலில் இருந்தது. ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, சலவைக்கூடம்வரைக்கும் போயிற்று.

"நான் வெக்கலம்மா" என்றார் அச்சண்ணன்.

அக்காவின் வலது கை பழக்கப்படி மேலே எழுந்து ஆணியை நோக்கிப் போயிற்று. அச்சண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இந்தத் தடவை பார்த்துக்கொண்டே நின்றார். கட்டையைத் தொடப் போன கை பாதி வழியில் நின்றது. கூடை இடுப்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அந்தக் கை கட்டையைத் தொடாமலே இறங்கி வந்து, அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்து, வீட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டது.