பென்சில் அக்காவும் கலைந்த கட்டும்

தம்பி எழுதுகிற சிறுவர் கதைகளில் ஆவணக் காப்பாளர் என்றால் ஒரே ஆள்தான். வெள்ளைத் தாடி, கூன் முதுகு, இடுப்பில் சாவிக்கொத்து. நிலவறையிலேயே குடியிருப்பார். சிறுமி ஒருத்தி வந்து கேட்டதும் ஒரு காகிதத்தை எடுத்து 'உஃப்' என்று ஊதுவார். தூசி பறக்கும், புதையல் வரைபடம் வந்துவிடும்.

அவனுடைய அக்கா நகராட்சிக் காப்பகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். நிலவறை இல்லை, இரண்டாம் மாடி. மை சிந்தினால் போகாது என்பதால் உள்ளே வருகிறவர்களிடம் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலை நீட்டுவாள். ஊரே அவளைப் பென்சில் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. தம்பியின் கதைகளைப் படித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊதினா எச்சில் தெறிக்கும்டா. காகிதத்துல எச்சில் படலாமா?"

"இது கதைதானேக்கா. கதையில எச்சில் தெறிக்காது."

"எவனாவது நிலவறை ஈரத்துல கொண்டுபோய்க் காகிதத்தை வைப்பானா? அது போகட்டும், அந்தத் தாத்தாவுக்கு லீவே கிடையாதா? பெண்டாட்டி பிள்ளைங்க?"

"அவங்கெல்லாம் இருந்தா புதையலை யாரு பாத்துக்கறது?"

இப்படி மல்லுக்கு நிற்பாள். ஆனால் புத்தகம் வந்ததும் முதல் ஆளாகப் போய் வாங்குகிறவளும் அவள்தான்.

அடுத்த கதைக்கு நிஜமான காப்பகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வந்து உட்கார்ந்தான். அன்று மேசைமேல் ஒரு பழைய கட்டு திறந்திருந்தது. எண்பது வருடத்துக்கு முன் ஒரு தெருவில் மனைகளை விற்றபோது எழுதிய கடிதங்கள், இருநூற்றுச் சொச்சம் தாள்கள். கேட்டிருந்தவர் ஒரு தையல்கார அம்மா. அவர் கடைக்கு வாசல் ஒரு சந்தில் இருக்கிறது. சந்து தன் மனையோடு சேர்ந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பப் பார்க்கிறார். சுவர் எழும்பினால் கடைக்கு வழியே இல்லை.

கட்டுக்குள் அந்தக் காலத்துச் சர்வேயர் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது. 'சந்து பொது. விற்பனையில் சேராது.' கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. மனையை விற்பதற்கு முன்பே எழுதியது என்றால் சந்து எல்லோருக்கும். பின்னால் எழுதியது என்றால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை.

தேதி இல்லாத சீட்டுக்கு அக்கம்பக்கத்துத் தாள்கள்தான் சாட்சி. எந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவில் கிடக்கிறதோ, அதுதான் அதன் காலம். அதனால் ஒரு கட்டு காப்பகத்துக்கு எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பார்க்கக் கன்னாபின்னாவென்று இருந்தாலும் யாரும் ஒழுங்குபடுத்தக் கூடாது. இந்தச் சுவர் வழக்கை நகராட்சி அதிகாரி வெள்ளிக்கிழமை விசாரிக்கிறார்; சீட்டு எங்கே இருந்தது என்று அக்கா அவரிடம் சான்று தர வேண்டும். ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். தாள்களுக்கு இன்னும் எண் போடவில்லை. சாப்பிட்டு வந்து போடலாம் என்று கீழே இறங்கினாள். கட்டைத் திறந்து வைத்துவிட்டு நகரக் கூடாது என்பது முதல் விதி. தம்பிதானே என்று நகர்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தால் தம்பி வாயெல்லாம் பல்லாக நிற்கிறான்.

"அக்கா, ஒரே குப்பையா கிடந்துச்சு. எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கிட்டேன். தேதி இல்லாததெல்லாம் அடியில. என் கதையில அந்தப் பொண்ணு இப்படி அடுக்கித்தான் ரகசியத்தையே கண்டுபிடிக்கிறா!"

அவள் கட்டின் அடியைப் புரட்டினாள்; துண்டுச் சீட்டு அங்கே கிடந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒரு அம்மாவோட கடை வாசலை அடைச்சிட்ட."

புதன்கிழமை காலையிலேயே தையல்கார அம்மா வந்துவிட்டார். அக்கா எதையும் மறைக்கவில்லை.

"நீதான் ஒரு தடவ பாத்தியேம்மா. விற்பனைக் கடிதத்துக்கு முன்னாடி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதேன். யாரு வந்து கேக்கப் போறா?"

"பாத்த மாதிரிதான் இருக்கு. மாதிரிக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாதும்மா."

"அப்ப என் கதி?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

எப்போதோ கூரை ஒழுகி அந்தக் கட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. மேல் தாளின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அடுத்தடுத்த தாளில் அது சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிளகளவு ஆகிவிடும். கறையின் அளவை வைத்து இருவரும் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். தம்பிக்கு முதுகு விட்டுப்போனது.

"இதையெல்லாம் எழுதினா குழந்தைங்க தூங்கிடுங்கக்கா."

"தூங்கட்டும். எழுந்து வெளிய போக வழி இருந்தா சரி."

தாள்கள் வரிசைக்கு வந்தன. ஆனால் துண்டுச் சீட்டு குட்டி. கறை இருந்த மூலைவரை அது எட்டவே இல்லை. வியாழன் சாயங்காலம் அக்கா அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சீட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓட்டை, அவற்றைச் சுற்றி வளைவாகத் துரு. யாரோ ஒரு காலத்தில் வளைந்த குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார்கள். அதே வளைவு வேறெந்தத் தாளில் பதிந்திருக்கிறது? மறுபடி முதலிலிருந்து. நூற்று நாற்பத்தோராவது தாளில் அதே இரண்டு ஓட்டை, அதே வளைவு. மனைகளை அளந்தாயிற்று என்று எழுதிய கடிதம் அது. விற்பனைக்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி.

தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் நீட்டிய சான்றை அதிகாரி இரண்டு தடவை படித்தார். கட்டு கலைந்தது, கலைத்தது தம்பி, விதியை மீறி நகர்ந்தது தான், பிறகு கறையையும் துருவையும் வைத்து அடுக்கியது எப்படி, எல்லாம் வரிசையாக இருந்தது.

"கலைஞ்சதை நீங்களே எழுதணுமா?" என்றார் அதிகாரி.

"அதை எழுதலைன்னா மத்ததை எப்படி சார் நம்புவீங்க?"

கலைந்த கட்டை ஏற்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரரின் வக்கீல் குதித்தார். அதிகாரி சீட்டைக் கடிதத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டைமேல் ஓட்டை உட்கார்ந்தது. வக்கீலையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சுவர் கட்டக் கூடாது என்று எழுதினார். அதே கையோடு இன்னொரு தாளை எடுத்து எழுதி அக்காவிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் தையல்கார அம்மா கேட்டார்: "உன் கையில என்னம்மா தாளு?"

"எனக்கு மெமோ."

"ஐயோ, எனக்காகவா?"

"உங்களுக்காக இல்லம்மா, கட்டைத் திறந்துபோட்டுட்டுப் போனதுக்கு. நீங்க போய்க் கடையைத் திறங்க, மணி பதினொண்ணாகுது."