பிலோமினாவைக் குண்டாக்க நான் பட்ட பாடு

எங்கள் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் அட்டையில் மார்க் கட்டங்களுக்குக் கீழே உயரம், எடை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பெண்பிள்ளைகள் ஒழுங்காக வளர்கிறார்களா என்று பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற நல்லெண்ணத்தில்தான் அச்சடித்திருப்பார்கள். ஆனால் அந்த எடைக் கட்டத்தால் எங்கள் வீட்டில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை.

பூந்தமல்லியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீடு சென்னீர்குப்பத்தில். எட்டாம் வகுப்பு வரை முதல் ரேங்க் என்னுடையது. முதல் ரேங்க் எடுத்தவளின் அம்மாவையோ அப்பாவையோ பள்ளிக்கு வரவழைத்து, எல்லோர் முன்னாலும் அட்டையைக் கையில் கொடுப்பது அங்கே வழக்கம். எங்கள் அம்மா அதற்கென்றே ஒரு புடவை வைத்திருந்தாள். நான் வயசுக்கு வந்த பிறகு உடம்பு போட்டது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் எடை ஐம்பத்தேழு, ரேங்க் மூன்று. புடவை பெட்டியிலேயே இருந்தது.

அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு ரெண்டுதான். போன வருஷத்து அட்டையையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இன்னா இது? எடை ஏறிக்கினே போவுது, மார்க்கு எறங்கிக்கினே போவுது. லோடு ஜாஸ்தியானா கிரேனே மெதுவாத்தான் நவுரும். மூளை மட்டும் ஓடுமா?”

“வளர்ற பொண்ணு மேல கண்ணு வெக்காத” என்றாள் அம்மா. “பசி வந்தா பத்தும் பறந்துபூடும்பாங்க. கணக்கு மட்டும் நிக்குமா?”

அன்றிலிருந்து ராத்திரியில் எனக்கு இரண்டு தோசைக்கு மேல் கிடையாது என்று சட்டம் வந்தது. அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அப்பா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனதும், ராத்திரி குறைத்ததையும் சேர்த்து என் டிபன் பாக்ஸில் அழுத்தி அழுத்தி வைத்தாள். சோற்றுக்கு அடியில் ஒரு முட்டையும் ஒளிந்திருக்கும்.

என் ரேங்க்கைப் பிடித்துக்கொண்டவள் பிலோமினா. அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தாள். திருமழிசையிலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் மாதத் தேர்விலேயே முதல் ரேங்க் எடுத்ததால் கிளாஸ் லீடரும் அவளே. பரீட்சை முடிந்ததும் எங்களைப் பெரிய சிஸ்டர் அறைக்கு வரிசையாகக் கூட்டிப்போய் எடை மெஷின்மேல் நிறுத்துவார்கள். டீச்சர் சத்தமாகச் சொல்ல, லீடர் நோட்டில் எழுதவேண்டும். என் முறை வந்தபோது, “ஐம்பத்தேழு. சரியா எழுது, ஐம்பத்தேழு” என்று டீச்சர் இரண்டு தரம் சொன்னார். வகுப்பே சிரித்தது. பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. ஜெயித்த திமிர் என்று நினைத்தேன். அவள் எடை முப்பத்திரண்டு.

பள்ளியில் சத்துணவு போட்டார்கள். அதை வாங்குகிறவர்களுக்கு ‘சத்துணவு’ என்றே பட்டப்பெயர். தட்டோடு நிற்கும் பெண்களை வரிசைப்படுத்துவது லீடர்கள் வேலை. பிலோமினா அதைக் கண்டிப்பாகச் செய்வாள். அவள் கையில் தட்டு இருக்காது. எல்லோரும் வாங்கி உட்கார்ந்த பிறகு குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்துச் சிமெண்டு மேடையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் பக்கத்தில் போய், “நீ சாப்ட மாட்டியா?” என்று கேட்டேன்.

“மத்தியானம் துன்னா தூக்கம் வரும்பா” என்றாள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்பறம் கணக்கு மண்டையில ஏறாது.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ரகசியம் இதுதானா! அப்பாவின் கிரேன் தத்துவமும் இவள் சொன்னதும் அச்சாகப் பொருந்தின. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே திட்டம் தயாராகிவிட்டது. என் சோற்றை இவள் தலையில் கட்டிவிடவேண்டும். நான் இளைப்பேன், ஏறுவேன். இவள் பெருப்பாள், இறங்குவாள். ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு வேலை.

“எங்கம்மா ஜாஸ்தி கட்டிட்டாங்க. மிச்சம் வெச்சா திட்டுவாங்க” என்று மறுநாள் ஆரம்பித்தேன். இரண்டு நாள் வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் மீன் குழம்பு. மூடியில் முக்கால்வாசிச் சோற்றைப் போட்டு அவள் முன்னால் நகர்த்தினேன். கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டாள். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த பருக்கையைக்கூட விடவில்லை. இந்தத் தீனிக்கு மாதம் ஒன்றரைக் கிலோ நிச்சயம் என்று கணக்குப் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் அதுவே வழக்கமானது. நன்றிக்கடனாகவோ என்னவோ, சாப்பிட்டு முடித்ததும் அல்ஜீப்ரா சொல்லித்தர வருவாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுப்பாள் என்று நான் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

எனக்கு மூன்றாவது பீரியடிலேயே வயிறு இரைய ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள் கரும்பலகை எழுத்துகள் மிதக்கும், தலை லேசாகச் சுற்றும். மூளையின் லோடு இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

அரையாண்டு முடிந்து எடை பார்த்தார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு, பிலோமினாவுக்கு முப்பத்தாறு. கன்னத்தில் சதை வைத்து, ஆள் பார்க்கவே நன்றாக இருந்தாள். திட்டம் பாதி பலித்துவிட்டது என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு மார்க் வந்தது. பிலோமினாவுக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு, முதல் ரேங்க். எனக்கு ஒன்பதாவது.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லோடு எறக்கியும் வண்டி மேடு ஏற மாட்டேங்குதே” என்றார். வெகுநேரம் யோசித்து, பள்ளிக்கூடத்து எடை மெஷின் பழுது என்று முடிவுக்கு வந்தார்.

அட்டை வாங்கப் பிலோமினாவின் அம்மா வந்திருந்தார். ஏதோ கம்பெனியில் பெருக்குகிற வேலை. புடவைக்கு மேலே போட்டிருந்த நீலக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார். கைதட்டல் முடிந்ததும் மகளிடம் கேட்டு, நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீதானாம்மா அது? ஊட்டுக்கு வந்தா உன் பேச்சுதான் பேசிக்கினு இருப்பா. அவ ஒடம்பு தேறிச்சுன்னா அது உன் சோறும்மா. இந்த மார்க்கும் உன்னுதுதான்.”

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் திட்டம் இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவும் மகளும் பேசிவைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். கையை உருவிக்கொண்டு ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் நின்று அழுதேன்.

மறுநாள் சிமெண்டு மேடையில் பிலோமினா எனக்கு இடம்விட்டு உட்கார்ந்திருந்தாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடியைக் கவிழ்த்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தேன். முட்டையும் தின்றேன். வயிறு நிறைந்த பிறகும், மிச்சம் வைத்துவிடக்கூடாது என்று திணித்துத் தின்றேன்.

“இன்னிக்கு ரொம்பப் பசியா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“துன்னு துன்னு, மெதுவா துன்னு” என்று சொல்லிவிட்டு, குழாயடியில் தள்ளிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த எழுந்து போனாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து அந்த மேடைக்கு வரவில்லை, வகுப்பிலேயே இருந்துவிட்டாள். குட்டு வெளிப்பட்ட கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முழுப் பரீட்சையில் நான் முதல் ரேங்க். பிலோமினா ஐந்தாவது. அம்மா பெட்டியிலிருந்து புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து அட்டையை வாங்கினாள். அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். எனக்கு ஐம்பத்தெட்டு கிலோ, அவளுக்கு மறுபடியும் இறங்கி முப்பத்துமூன்று என்று அந்த முறை நோட்டில் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வருஷம் நான் நன்றாகப் படித்தேன் என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.