தோளுக்குள் வைத்த பஞ்சு

அந்த மனிதரைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பூந்தமல்லியில் இருக்கும் என் தையல் கடைக்கு ஜிப்பா தைக்கக் காரில் வந்து இறங்கினார். அடுப்பில் ஏறாத உணவுதான் மருந்து, மாத்திரை எல்லாம் விஷம் என்று வீடியோவில் பேசிப் பேசிப் பிரபலமானவர். வானகரத்தில் மண்டபம் பிடித்துக் கூட்டம் நடத்தினால் செருப்பு விட இடம் இருக்காது. ஒரு டாக்டர் அவரைத் திட்டி வீடியோ போட்டார். அதற்கப்புறம் கூட்டம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

என் வெறுப்புக்குக் காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் மனைவிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. அவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டாள். காலையில் முளைகட்டிய பயறு, மதியம் தேங்காய்த் துருவலும் பழமும். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் தீர்மானமாகச் சொன்னாள்:

"அவருக்கும்தான் சக்கரை இருந்துச்சு. மாத்திரைய தூக்கிப் போட்டாரு, இன்னா கெட்டுப் போச்சு? அவரு திருட்டுத்தனமா மாத்திரை போடுறாருன்னு நீ காட்டு. அன்னிக்கே நானும் போட்டுக்கிறேன்."

இது போதாதா எனக்கு? ஊருக்குத்தான் உபதேசம், இந்த ஆள் வீட்டில் மாத்திரையும் பிரியாணியும் நிச்சயம் உண்டு என்று அடித்துச் சொல்வேன். கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தேன். ஆல்ட்டர் பண்ணக் கொடுத்த ஜிப்பாக்களின் பையைத் துழாவினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மோந்துகூடப் பார்த்தேன். தேங்காய் வாசனைதான் வந்தது. அதற்கும் ஏதோ தந்திரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார். மார்பில் டேப்பைச் சுற்றியபோது தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று அவிழ்த்து மறுபடி சுற்றினேன். அளவு நோட்டில் நாற்பது என்று நான் எழுதியிருந்த இடத்தில் இப்போது முப்பத்தாறு வந்தது. தோள் எலும்பு டேப்புக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்?"

"கழிவு வெளியேறுது பாய்," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கேமரா ஆளை ரொம்ப ஒல்லியா காட்டுது. தோள்லயும் மார்லயும் உள்ள ஏதாவது வெச்சுத் தைங்க. வெளியில தெரியாம," என்றார்.

அப்போதுதான் எனக்கு பயம் வந்தது. இத்தனை நாள் நான் தேடிய திருட்டு இவரிடம் இல்லை. இவர் ரகசியமாக மாத்திரை போடவில்லை. சொன்னதை அப்படியே செய்கிறார், செய்து உருகிக்கொண்டிருக்கிறார். கள்ளனாக இருந்திருந்தால் பிழைத்துப் போயிருப்பார்.

இருந்தும் தைத்துக் கொடுத்தேன். கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் கோட்டில் பஞ்சு வைக்காதவனா நான்? ஒருவர் அளவை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் மரியாதை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. நாலு ஜிப்பா போயிற்று. ஐந்தாவதை முடித்து, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் செல்போனில் அவர் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தோளப் பாரு. இந்த வயசுல எப்டி கிண்ணுனு கீறாரு!" என்றாள். எனக்குக் குடித்த டீ புரையேறியது. அவள் அதைக் கவனிக்காமல் தன் ஜாக்கெட்டை நீட்டினாள். "கை லூசா கீது. பிடிச்சுக் குடு. நல்லா இளைச்சுட்டேன்ல?"

சந்தோஷமாகக் கேட்டாள். கையைச் சுற்றி டேப்பை வைத்தேன். சதை இருந்த இடத்தில் தோல் தொங்கியது. இதே மாதிரி இருந்த அவர் கையைத்தான் போன வாரம் கடையில் அளந்திருந்தேன். டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தேன்.

காஜாவுக்குக் கொண்டுவந்திருந்த அந்த ஐந்தாவது ஜிப்பாவை எடுத்தேன். தோள் தையலை அவள் கண் முன்னாலேயே பிளேடால் பிரித்தேன். உள்ளேயிருந்து பஞ்சுப் பட்டை வெளியே வந்தது.

"யாரு சட்டை இது?" என்றாள். வீடியோவில் அவர் எப்போதும் போடும் துணி என்று பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. பட்டையைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தாள். அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இந்த மாதிரி எத்தினி தச்சுக் குடுத்த?"

"நாலு."

"நாலையும் பாத்துட்டுத்தான்யா நான் பழத்தத் தின்னுகினு கெடந்தேன்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவர் குற்றத்தைத் தேடித் தேடி அலைந்தவன் நான். பொய்யைத் தைத்ததும் நானே. அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"கெளம்பு. டாக்டராண்ட போலாம்." செருப்பை மாட்டியவள் வாசலில் நின்று திரும்பினாள். "அந்த மனுசனுக்கும் ஒரு போன் போடு. அவரு ஒடம்பு எப்டி கீதுன்னு உன்னியத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

கடைப் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தேன். அவர் நம்பர் அந்த நாற்பதுக்கு மேலேயே எழுதியிருந்தது.