பதினாறு தடவை பசியாறியவர்

சில ஆண்டுகளுக்கு முன், சுதந்திர தின வாரம். மலேசியாவின் மலாக்காவில், காஜா பேராங் பகுதியில் எங்கள் தெரு முழுக்க வேலிகளில் கொடி கட்டியிருந்தார்கள். நான் வீட்டிலிருந்தே கைப்பேசிச் செயலிகளை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்த காலம் அது.

அடுத்த தெருவில் என் பள்ளித் தோழியின் அப்பா தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தோழிக்குப் பக்கத்து மாநிலமான ஜொகூரில் வேலை. தினமும் காலையில் அப்பா நலம் என்று தெரிந்தால் போதும் என்றாள். அதற்காகவே ஒரு செயலி செய்துகொடுத்தேன். திரை முழுக்க ஒரே ஒரு பச்சைப் பொத்தான். எங்கள் ஊரில் நலம் விசாரிப்பதே 'பசியாறியாச்சா?' என்றுதானே? அதனால் பொத்தானில் 'பசியாறியாச்சு' என்று எழுதினேன். அழுத்தினால் சின்னதாக ஒரு மணிச் சத்தம் கேட்கும், மகளுக்குச் செய்தி போகும்.

பெரியவருக்குப் பார்வை மங்கல், விரலில் நடுக்கம். கைபட்டு வேறெங்காவது போய்விடுவார் என்று, அந்தத் திரையை விட்டு வெளியே வர முடியாதபடி பூட்டிவிட்டேன். மகள் கூப்பிட்டால் பேசலாம். அவராக யாரையும் கூப்பிட முடியாது. நடுக்கத்தில் நாலைந்து தடவை அழுத்தி மகளைத் தொல்லை செய்தார் என்பதால், நாளுக்கு ஒரு செய்தி மட்டும் அவளுக்குப் போகும்படி மாற்றினேன். அவர் அழுத்துவதெல்லாம் என் கணினியிலும் என் போனிலும் பதிவாகும். இதைவிட எளிமையாக யாரால் செய்ய முடியும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று காலை ஏழரைக்கே பெருமழை பிடித்துக்கொண்டது. ஒன்பது மணிக்குத் தூங்கி எழுந்து கணினியைத் திறந்தால், அவர் பெயருக்கு நேரே 'பசியாறியாச்சு' பதினொரு தடவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது வந்து விழுந்தது. செயலியில் ஏதோ பிழை என்று நினைத்து, தோழியைக் கூப்பிட்டேன்.

"ஏழே முக்காலுக்கே மெசேஜ் வந்திருச்சுலா. அப்பா நல்லாத்தான் இருக்காரு. நீ ஒன் ப்ரோகிராம பாரு," என்று சிரித்தாள்.

பார்த்தேன். வரி வரியாகப் பதினோரு மணி வரை பார்த்தேன். அதற்குள் பதினைந்து ஆகிவிட்டது. பிழையென்றால் ஒரு கணக்கில் வர வேண்டும். இவையோ முதலில் நிமிடத்துக்கு ஒன்று, அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒன்று, பிறகு அரை மணிக்கு ஒன்று என்று வந்திருந்தன. யாரோ களைத்துக்கொண்டே வருவது போல. அது மனதில் பட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அதுவரை எழுந்து போகத் தோன்றவில்லை பாருங்கள்!

மழை விட்டிருந்தது. போனைக் கையில் பிடித்தபடி செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். அவர் வீட்டு வேலியில் கொடி நனைந்து தொங்கியது. எப்போதும் அலறும் வானொலிச் சத்தம் இல்லை. "அங்கிள்!" என்று கத்தினேன். அப்போது வீட்டின் பின்பக்கமிருந்து அந்த மணிச் சத்தம் கேட்டது. நானே தேர்ந்தெடுத்த சத்தம். அடுத்த நொடி என் கையில் போன் அதிர்ந்தது. பசியாறியாச்சு.

உள்ளே போகவே பயமாக இருந்தது. போனேன். பின்கதவு திறந்திருந்தது. சமையலறை மேசையில் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவர் குளியலறை வாசலில் ஈரத்தில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பசியாறும் முன்பே விழுந்திருக்கிறார். முதல் செய்தியே விழுந்த பிறகு வந்ததுதான். போன் நெஞ்சின்மேல் இருந்தது, கட்டைவிரல் இன்னும் பொத்தான்மேல்.

"கத்திப் பாத்தேன்மா, மழையில யாருக்கும் கேக்கல. இதுல வேற ஒன்னுமே இல்லையே... இதத்தான் அமுக்கிக்கிட்டே இருந்தேன்," என்றார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தில் அழுதேன்.

பிழைத்துக்கொண்டார். இப்போது கோலூன்றி நடக்கிறார். பச்சைக்குக் கீழே 'உடனே வாங்க' என்று ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்திருக்கிறேன், நான் கூப்பிட்டாலும் அவர் பேசும்படி மாற்றியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் 'பசியாறியாச்சு' வந்து விழும்போது அந்த ஈரத்தரை என் கண்முன் வருகிறது. அவரைக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அவர் குரலில் பதில் வந்த பிறகுதான் நான் பசியாறுகிறேன்.