பேஸ் நின்றால்

எனக்குப் பிடித்த பேஸ் கிற்றார்காரர் யாரென்று கேட்டால் நான் சொல்லும் ஆளை ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலத்தில், தேவாலய மண்டபத்தில், கார் பற்றரியில் ஓடிய ஸ்பீக்கரோடு எங்கள் குழுவில் வாசித்த அண்ணை அவர். ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று சுரங்களுக்கு மேல் தொடமாட்டார். லீட் கிற்றாரில் நான் வித்தை காட்டுவேன். சனம் காலாட்டியதோ அவருக்குத்தான். எனக்கு எரிச்சலாக வரும்.

குண்டு போட வரும் பொம்மரின் இரைச்சலும் முதலில் அவருக்குத்தான் கேட்கும். உடனே தந்திகளை உள்ளங்கையால் பொத்துவார். பேஸ் நின்றால் எல்லோரும் மண்டபத்துக்குப் பின்னால் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடுவோம்.

ஒருநாள் புதுப்பாட்டு ஒன்றின் நடுவில் பேஸ் நின்றது. ஓடிப்போய்ப் பங்கருக்குள் குந்தினோம். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்டும் கேக்கேல்லையே, அண்ணை?" என்றேன்.

"எனக்கும் கேக்கேல்லை. அந்த இடத்திலை பேஸ் சும்மா இருக்கவேணும், அதுதான் நிப்பாட்டினனான். நீங்கள் ஓட, நானும் பயந்து ஓடிவந்தன்."

வயிறு நோகச் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு பங்கரின் கூரைப் பனங்குற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

"சிரிக்காதேங்கோ," என்றார். "இப்ப கேக்குது."